புற்றுக்காளான் கிடைத்தால்

மழை பெய்து இடி இடித்த மறுநாள் புற்றுக்காளான் முளைக்கும் என்பார்கள். அதைத் தேடிப் போகிறவர்கள் முதலில் தண்டைப் பாருங்கள். இழுத்துப் பறிக்காமல் சுற்றி மண்ணைக் கிளறினால், தண்டு வேர் போல நீண்டு கறையான் புற்றை நோக்கி இறங்கும். புல்தரையிலும் குப்பைமேட்டிலும் இதேபோல் வெள்ளைக் குடையோடு ஒரு விஷக்காளான் வரும். அதன் தண்டில் வளையம் இருக்கும். முற்றினால் குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள் பச்சையாகும். ஆனால் பிஞ்சில் அதுவும் வெள்ளைதான், அங்கேதான் ஏமாறுகிறோம். அதனால் வருடக்கணக்கில் பறித்துப் பழகியவர் பார்த்துச் சொல்லாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள்.

விஷக்காளானாக இருந்தால் வெள்ளிக்கரண்டி கறுக்கும், மஞ்சள் போட்டால் நிறம் மாறும், பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பதெல்லாம் வெறும் பேச்சு. சில காளான்களின் விஷம் கொதித்தாலும் போகாது. வாந்தி, பேதி தொடங்கவே 6 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அப்படி வந்தால் மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, நல்ல காளான்தான் என்று உறுதியானால் அன்றே சமைத்துவிடுங்கள். அடித்தண்டின் மண்ணைச் சுரண்டி, தண்ணீரில் சட்டென்று அலசி எடுத்தால் போதும், ஊறவிட்டால் சொதசொதவென்று ஆகிவிடும். கையாலேயே கிழித்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் வதங்கியதும் போட்டு, மூடாமல் கிளறுங்கள். காளான் விடும் தண்ணீர் முழுக்கச் சுண்டியபின் மிளகு, சீரகம், உப்பு. கரம் மசாலா வேண்டவே வேண்டாம், மண்வாசனை போய்விடும்.