டிலாப்பிடேட்டட்: எந்தச் சேதத்துக்கு இந்தச் சொல்?

எது கெட்டுப்போனாலும் ஆங்கிலத்தில் டேமேஜ்டு, புரோக்கன் என்ற இரண்டே சொற்களில் சமாளித்துவிடுகிறோம். கூடவே, கவனிப்பில்லாமல் சிதிலமடைந்ததைச் சொல்லும் 'டிலாப்பிடேட்டட்' (dilapidated) என்பதையும் பழகிக்கொள்ளலாம்.

படி 1: வாயில் வரவழையுங்கள்

டி-லாப்-பி-டே-ட்டட். அழுத்தம் 'லாப்' மீது. எழுதும்போது முதல் எழுத்துக்கு அடுத்து 'ஐ' வரும். அங்கே 'ஈ' போடுவது பலர் செய்யும் பிழை.

படி 2: வேரைப் பாருங்கள்

லத்தீனில் 'லாபிஸ்' என்றால் கல். லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லின் பெயரில் இருப்பதும் அதுதான். 'டிலாபிடாரே' என்ற வினைக்குச் சொத்தை ஊதாரித்தனமாக அழிப்பது என்று பொருள், கல்லை வாரி இறைப்பதுபோல. நாம் பணத்தைத் தண்ணீராய் இறைக்கிறோம், அவர்கள் கல்லாய் இறைத்திருக்கிறார்கள்!

படி 3: ஒரு கேள்வி கேளுங்கள்

இந்தச் சேதம் ஒரே நாளில் வந்ததா, கவனிப்பார் இல்லாமல் மெல்ல மெல்ல வந்ததா? இரண்டாவது என்றால் தயங்காமல் டிலாப்பிடேட்டட். காரை பெயர்ந்து கம்பி தெரியும் பள்ளிக்கூடம், பூட்டியே கிடந்து ஓடு சரிந்த தாத்தா வீடு. நம் செய்தித்தாள்கள் 'சிதிலமடைந்த' என்று எழுதுவது இதைத்தான்.

தனுஷ்கோடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. மிச்சமிருக்கும் தேவாலயச் சுவர்கள் இத்தனை வருடமாக உப்புக்காற்றில் உதிர்ந்துகொண்டிருப்பது உண்மைதான். ஆனாலும் ஊரை வீழ்த்தியது புயல் என்பதால், அங்கே 'ருயின்டு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

படி 4: எதற்குப் பொருந்தும்?

வீடு, கொட்டகை, பாலம், ஓட்டைப் பேருந்து எல்லாவற்றுக்கும் தாராளமாக. கைப்பேசித் திரை உடைந்தால் கிராக்டு, கோப்பை விளிம்பு போனால் சிப்டு, கார் கதவு நசுங்கினால் டென்டட், சட்டை கந்தலானால் டாட்டர்டு.

படி 5: வாக்கியத்தில் வையுங்கள்

'எ டிலாப்பிடேட்டட் ஹவுஸ்' என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைக்கலாம். 'தி ஹவுஸ் லுக்ஸ் டிலாப்பிடேட்டட்' என்று பின்னாலும் வரும். 'புயல் வீட்டை டிலாப்பிடேட் செய்தது' என்று வினையாக்க வேண்டாம், காதுக்கு ஒட்டாது.

அப்புறம், பிரிட்டனில் குத்தகைக் கட்டடத்தைக் காலி செய்யும்போது, பழுதுகளுக்காக உரிமையாளர் கேட்கும் தொகைக்கு 'டிலாப்பிடேஷன்ஸ்' என்று பெயர். இங்கே அட்வான்ஸில் பெயின்ட் செலவைப் பிடித்துக்கொள்கிறார்களே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு.