ஆறாம் செமஸ்டர் எலெக்டிவ் தேர்ந்தெடுப்பது எப்படி? பி.இ. சிஎஸ்இ மாணவர்களுக்கு

ஐந்தாம் செமஸ்டர் ரிசல்ட் வருவதற்குள்ளேயே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் ஃபார்ம் வந்து விழும். நாளை மாலைக்குள் எலெக்டிவ் பாடங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டுமாம். பாதி வகுப்பு, நண்பன் எதைப் போட்டானோ அதையே போடும். மீதிப் பேர் "எந்தப் பேப்பர் ஈஸி அண்ணா?" என்று சீனியருக்கு மெசேஜ் அனுப்புவார்கள். ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் இதைவிட உருப்படியாகத் தேர்ந்தெடுக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிமுறையில்) இணைப்புக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தன்னாட்சிக் கல்லூரி என்றால் எண்ணிக்கையும் விதியும் மாறும், பார்க்கும் முறை மாறாது.

படி 1: எத்தனை இடம் காலி என்று எண்ணுங்கள்

மொத்தம் ஆறு புரொஃபஷனல் எலெக்டிவ், அதாவது சொந்தத் துறைக்குள்ளேயே தேர்ந்தெடுக்கும் பாடங்கள். ஐந்தாம் செமஸ்டரில் இரண்டு முடிந்திருக்கும், ஆறாவதில் நான்கு வரும். ஏழாவதில் தேர்ந்தெடுக்க இருப்பவை ஓபன் எலெக்டிவ்களும் (பிற துறைப் பாடங்கள்) மேனேஜ்மென்ட் பாடமும்தான். எட்டாவதில் புராஜெக்ட். ஆக, கம்ப்யூட்டர் சயின்ஸுக்குள் நீங்களாக எதையாவது தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு இந்த நான்குதான்.

படி 2: வெர்டிகல் அட்டவணையை எதிரில் வையுங்கள்

சிலபஸ் புத்தகத்தில் எலெக்டிவ்கள் வெர்டிகல் வெர்டிகலாக, அதாவது ஒரே பிரிவுப் பாடங்கள் ஒரே பத்தியில் வருமாறு, அச்சாகியிருக்கும்: டேட்டா சயின்ஸ், ஃபுல் ஸ்டாக், கிளவுட், சைபர் செக்யூரிட்டி, கிரியேட்டிவ் மீடியா, எமர்ஜிங் டெக்னாலஜிஸ் போன்றவை. ஆறு எலெக்டிவையும் ஒரே வெர்டிகலில் எடுக்கலாம், கலந்தும் எடுக்கலாம். பலர் கவனிக்காத விதி ஒன்று உண்டு. அட்டவணையில் ஒரே வரிசையில், அதாவது பக்கவாட்டில் இருக்கும் இரண்டு பாடங்களை ஒரே செமஸ்டரில் எடுக்க முடியாது. ஒன்றை ஐந்திலும் மற்றொன்றை ஆறிலும் எடுத்தால் பரவாயில்லை. அதனால் பிடித்த பாடங்களை வட்டமிட்ட கையோடு அவை எந்தெந்த வரிசையில் இருக்கின்றன என்றும் பாருங்கள்.

ஹானர்ஸ் பட்டத்துக்கு 18 கிரெடிட் கூடுதலாக வேண்டும். அதற்கான பாடங்களை ஐந்தாம் செமஸ்டரிலிருந்து எடுக்கலாம். இன்னும் தொடங்கவில்லை என்றால் மீதி செமஸ்டர்களில் முடிக்க முடியுமா என்று பாருங்கள்.

படி 3: லேப் பட்டியலிலிருந்து படியுங்கள்

பாடத்தின் பெயர் எப்போதும் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஐந்து யூனிட்டின் தலைப்புகளும் அப்படியே. பாடம் உங்களை என்ன செய்யவைக்கப் போகிறது என்பது கடைசியில் இருக்கும் செய்முறைப் பட்டியலில்தான் தெரியும். இந்த எலெக்டிவ்களில் பெரும்பாலானவை வாரம் இரண்டு பீரியட் தியரி, இரண்டு பீரியட் லேப், மூன்று கிரெடிட் என்ற அமைப்பில் இருப்பவை. இன்டர்னல் 50, செமஸ்டர் தேர்வு 50. லேப் இங்கே ஒப்புக்கு இருப்பதல்ல, மதிப்பெண்ணில் அதற்கும் பங்கு உண்டு.

கிளவுட் கம்ப்யூட்டிங்கை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸ் நிறுவுவது, அதில் சி கம்பைலர் போட்டு புரோகிராம் ஓட்டுவது, கூகுள் ஆப் எஞ்சின், கிளவுட்சிம், ஒற்றை நோட் ஹடூப் (பெருந்தரவைக் கையாளும் மென்பொருள், ஒரே கம்ப்யூட்டரில்), கடைசியாக டாக்கர் கன்டெய்னர் (அப்ளிகேஷனை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துப் பொதிந்து ஓட்டும் முறை) என்று வரும். இவற்றில் இன்று வேலைக்கு நேரடியாக உதவுவது டாக்கர். கிளவுட்சிம் ஆராய்ச்சிக்கான ஜாவா சிமுலேட்டர், ப்ளேஸ்மென்ட் இன்டர்வியூவில் யாரும் கேட்கப்போவதில்லை. ஆப் எஞ்சின் லாஞ்சர் என்பதைக் கூகுளே எப்போதோ கைவிட்டுவிட்டது. அதனால் இந்தப் பாடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. விர்ச்சுவல் மெஷினுக்கும் கன்டெய்னருக்கும் என்ன வித்தியாசம் என்று கையால் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள நல்ல பாடம். ஏடபிள்யூஎஸ்ஸில் (அமேசானின் கிளவுட் சேவை) ஒரு அப்ளிகேஷனை ஏற்றக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்துப் போனால்தான் ஏமாற்றம்.

இதே பாடத்தோடு விர்ச்சுவலைசேஷன் பாடத்தையும் எடுக்க நினைத்தால் இரண்டு சிலபஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹைபர்வைசர் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்), மெஷின் விர்ச்சுவலைசேஷன் எல்லாம் இரண்டிலும் வரும். மதிப்பெண்ணுக்கு வசதி, கற்பதற்கு நஷ்டம். என்னைக் கேட்டால் இரண்டில் ஒன்று போதும், அந்த இடத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் அண்ட் ஆட்டோமேஷனை எடுத்துவிடலாம். பெயரில் பகட்டு இல்லாததால் அதை யாரும் சீண்டுவதில்லை, ஆனால் புதிதாகச் சேர்பவர்களை டெஸ்டிங்கில் போடும் நிறுவனங்கள் நிறைய.

படி 4: கீழே அஸ்திவாரம் இருக்கிறதா?

ஒவ்வொரு எலெக்டிவுக்கும் அடியில் ஏற்கெனவே படித்த கோர் பாடம் ஒன்று இருக்கும். எக்ஸ்ப்ளோரேட்டரி டேட்டா அனாலிசிஸுக்கு மூன்றாம் செமஸ்டர் ஃபவுண்டேஷன்ஸ் ஆஃப் டேட்டா சயின்ஸ். டீப் லேர்னிங்குக்கு நான்காம் செமஸ்டர் ஏஐ-எம்எல், கூடவே கணக்கு. நெட்வொர்க் செக்யூரிட்டிக்கு நெட்வொர்க்ஸும் கிரிப்டோகிராஃபியும். அந்தக் கோர் பாடத்தை முட்டி மோதித்தான் தாண்டினீர்கள் என்றால், எலெக்டிவை எடுக்கும் முன் பழைய நோட்டைத் திறந்து ஒரு மணி நேரம் புரட்டுங்கள். இன்னும் எரிச்சல்தான் வருகிறதென்றால் வேறு வெர்டிகல் பாருங்கள். கணக்கைக் கண்டாலே ஓடுகிறவர் ஊரோடு ஒத்துப்போவதற்காக டீப் லேர்னிங் எடுத்து, பேக்ப்ராபகேஷனை (நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றுவிக்கும் கணக்கு முறை) மனப்பாடம் செய்வதில் யாருக்கும் லாபமில்லை.

படி 5: உங்கள் இலக்கு எது?

புராஜெக்ட் என்ன செய்யலாம் என்று மங்கலாகவாவது யோசனை இருந்தால், நான்கில் இரண்டை அதற்கு ஒதுக்குங்கள். லேப் வேலையே புராஜெக்டின் பாதியாகிவிடும்.

கேட் தேர்வுக்காக (எம்.டெக். போன்ற மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) எலெக்டிவ் எடுப்பதாகச் சிலர் சொல்வார்கள். கேட் சிஎஸ் தாளில் வருபவை அல்காரிதம்ஸ், ஓஎஸ், டிபிஎம்எஸ், கம்பைலர், நெட்வொர்க்ஸ் மாதிரியான கோர் பாடங்கள். எலெக்டிவால் அங்கே பெரிய பலனில்லை. 2024-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ்-ஏஐ தாள் என்றால் கதை வேறு. மெஷின் லேர்னிங்கும் டேட்டா வேர்ஹவுசிங்கும் அதன் சிலபஸில் இருக்கின்றன.

படி 6: துறையில் போய் விசாரியுங்கள்

புத்தகத்தில் எத்தனை பாடம் இருந்தாலும் உங்கள் துறை நடத்தப்போவது சிலவற்றைத்தான். பாடம் நடத்த ஆசிரியர் வேண்டும், போதுமான மாணவர்களும் சேர வேண்டும். கோஆர்டினேட்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எவை ஓடும், யார் நடத்துவார்கள், லேப் உண்மையில் நடக்குமா? மூன்றாவதற்குச் சரியான பதில் சீனியரிடம்தான் கிடைக்கும். "ஈஸியா?" என்று கேட்பதற்குப் பதிலாக அவர்களுடைய லேப் ரெக்கார்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் எடுத்ததாக இருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

நீங்கள் விரும்பும் பாடம் ஓடவில்லையா? மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயம் வழியாக என்பிடெல்லில் (ஐஐடி ஆசிரியர்கள் நடத்தும் பாடங்கள்) அதே பாடம் இருக்கிறதா என்று தேடுங்கள். 12 வாரப் பாடத்துக்கு மூன்று கிரெடிட். சேர்வது இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். அசைன்மென்ட் 25, தேர்வு 75. சான்றிதழ் வாங்க முதலாவதில் 10-ம் இரண்டாவதில் 30-ம் எடுத்தாக வேண்டும். எலெக்டிவுக்குப் பதிலாக அது கணக்கில் சேர வேண்டுமானால் பாடம் தொடங்கும் முன்பே ஹெச்ஓடியிடம் (துறைத் தலைவர்) எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். முடித்த பிறகு சான்றிதழோடு போய் நின்றால் "முன்னாடியே கேட்டிருக்கலாமேப்பா" என்பதுதான் பதிலாக இருக்கும்.

படி 7: ஃபார்மை நிரப்புங்கள்

இரண்டாவது, மூன்றாவது விருப்பத்தையும் யோசித்தே போடுங்கள். முதல் விருப்பத்துக்கு ஆள் சேராவிட்டால் உங்களை அங்கேதான் தள்ளுவார்கள். கையெழுத்துக்கு ரெஜிஸ்ட்ரேஷன் பட்டியல் வரும்போது பாடத்தின் பெயரோடு அதன் குறியீட்டு எண்ணையும் சரிபாருங்கள். வெப் டெக்னாலஜிஸ், வெப் அப்ளிகேஷன் செக்யூரிட்டி இரண்டும் 'சிசிஎஸ்37' என்றே தொடங்கும், கடைசி எண் மட்டும்தான் வேறு.