பேக்கப் எடுத்தாச்சா? உடனே ஒயரைக் கழற்றுங்கள்

2017 மே 12 அன்று வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் புரோகிராம்) சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப்போட்டு, திறக்க 300 டாலரை பிட்காயினில் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டவர்கள் மாட்டினார்கள்.

சரி, அப்டேட் போடச் சொல்லி எல்லோரும்தான் சொல்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருக்கிறீர்களா? ரான்சம்வேருக்கு அது இன்னொரு டிரைவ், அவ்வளவுதான். சி, டி, ஈ என்று வரிசையாகப் பூட்டிக்கொண்டு வந்து அதையும் பூட்டிவிடும். காப்பி முடிந்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து நாலு போட்டோவைத் திறந்தும் பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தென்ன, போனால் என்ன!

மாட்டிக்கொண்டால் முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பணம் கட்டினாலும் சாவி வருமென்ற உத்தரவாதம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் மற்றவர்களும் சேர்ந்து நடத்தும் ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் சில வகைகளுக்கு இலவசமாகவே சாவி உண்டு. பூட்டிய ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். இன்று இல்லாத சாவி அடுத்த வருடம் வரலாம்.