டெலோஸ் தீவை ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

கிரேக்கத்தின் டெலோஸ் ஐந்து கிலோமீட்டர் நீளமே உள்ள சிறு தீவு. அப்பல்லோ தெய்வம் பிறந்த இடம் என்று கிரேக்கர்கள் வணங்கிய மண். 1990 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. பலரும் சிங்கச் சிலைகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்குள்ள வீடுகளைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு.

படி 1: படகு

பக்கத்துத் தீவான மிகோனோஸின் பழைய துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம். காலையின் முதல் படகைப் பிடியுங்கள். தீவில் இரவு தங்க அனுமதி கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்னும் வடகாற்று பலமாக வீசினால் படகு ஓடாது. ஆகவே பயணத்தின் கடைசி நாளை இதற்கு ஒதுக்காதீர்கள். படகு டிக்கெட்டோடு தீவின் நுழைவுக் கட்டணமும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர், தொப்பி, நல்ல காலணி கட்டாயம். தீவில் நிழல் மிகக் குறைவு.

படி 2: முதலில் வீடுகள்

இறங்கியதும் கூட்டம் இடப்பக்கம் திரும்பும். நீங்கள் வலப்பக்கம், நாடக அரங்கத்தை நோக்கி ஏறும் தெருவில் நடங்கள். கி.மு. 166 வாக்கில் ரோமானியர்கள் இதை வரியற்ற துறைமுகமாக்கியபின் செழித்த வணிகர்களின் வீடுகள் இங்கேதான் இருக்கின்றன.

மதுக் கடவுள் தியோனிசஸின் பெயரால் அழைக்கப்படும் வீட்டின் முற்றத்தில் சற்று நேரம் நில்லுங்கள். சிறகு விரித்த அக்கடவுள் புலிமேல் அமர்ந்திருக்கும் தரைச்சித்திரம் அங்கே இருக்கிறது. நெல்மணியைவிடச் சிறிய கற்களை அடுக்கியே புலியின் முகத்தில் ஒளியும் நிழலும் காட்டியிருக்கிறார்கள். இத்தகைய முற்றங்களுக்கு அடியில் நீர்த்தொட்டிகள் உண்டு. கூரையில் விழும் மழைநீரைத் தேக்கித்தான் இவ்வளவு பெரிய ஊர் வாழ்ந்தது. மேலே அரங்கத்தை ஒட்டியுள்ள பெரிய தொட்டியின் கல் வளைவுகளைக் கண்டால் இது இன்னும் தெளிவாகும்.

படி 3: கிந்தோஸ் குன்று

உயரம் 112 மீட்டர்தான். வெயில் ஏறுவதற்குள் படிகளில் ஏறிவிடுங்கள். வழியில் ஐசிஸ் கோயில் இருக்கிறது. எகிப்தியத் தெய்வத்துக்கும் இங்கே இடம் இருந்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. உச்சியிலிருந்து மேற்கே தெரியும் தீவு ரினியா. கி.மு. 426-இல் புனித மண்ணைத் தூய்மைப்படுத்தவென்று ஏதென்ஸ்காரர்கள் டெலோஸின் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை அங்கே கொண்டுபோனார்கள். அதன்பின் டெலோஸில் பிறக்கவும் இறக்கவும் தடை விதித்தார்கள்.

படி 4: சிங்கங்கள்

நாக்சோஸ் தீவினர் கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் அளித்த பளிங்குச் சிங்கங்கள் இவை. வெளியே நிற்பவை நகல்கள். மூலங்கள் அருங்காட்சியகத்துக்கு உரியவை. ஒன்று வெனிஸுக்குப் போய்விட்டது. எதிரே வட்டச் சுவருக்குள் பனைமரம் நிற்கும் பள்ளம்தான் பழைய புனித ஏரி. மலேரியா அச்சத்தால் சென்ற நூற்றாண்டில் அதை வற்றச் செய்தார்கள்.

கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். சிங்கங்களிடமிருந்து துறைக்கு நடக்கக் கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள்.