நடுவயது எஸ்எல்55 ஏஎம்ஜி: எதை முதலில் மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது

2001-இல் அறிமுகமான மெர்சிடிஸ் எஸ்எல்55 ஏஎம்ஜி பழைய காரும் அல்ல, பழம்பெரும் காரும் அல்ல. இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 5.4 லிட்டர் வி8, அதன் மேல் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர், 700 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, உலோகக் கூரையை மடித்து டிக்கிக்குள் வைக்கும் ஹைட்ராலிக் அமைப்பு என்று எல்லாம் இருக்கிறது. சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட் சக்கரமான புல்லியைச் சிறியதாக்கி, மென்பொருளையும் மாற்றினால் போதும், திறன் சட்டென்று ஏறிவிடும். அதனால்தான் பலர் அங்கேயே ஆரம்பிக்கிறார்கள். ஆனால் 20 வயது தாண்டிய காரில் வேலையைத் தொடங்க வேண்டிய இடம் ரப்பர், எண்ணெய், மின்கலம் ஆகியவைதான். திறன் கூட்டுவது கடைசி வேலை.

முதலில் மின்கலங்கள். இந்தக் காரில் இரண்டு உண்டு: ஸ்டார்ட் செய்ய முன்பக்கம் ஒரு சிறியது, மற்ற எல்லாவற்றுக்கும் டிக்கியில் ஒரு பெரிய ஏஜிஎம் வகை, அதாவது அமிலம் சிந்தாத மூடிய மின்கலம். இரண்டில் ஒன்று தளர்ந்தாலும் பிரேக், கூரை, சஸ்பென்ஷன் எல்லாம் பொய்ப் பிழைகளைக் காட்டும். மின்கலங்களைச் சோதித்து, தேவையானால் மாற்றி, எல்லாப் பிழைக் குறியீடுகளையும் அழித்துவிட்டு, 100 கிலோமீட்டர் ஓட்டிய பின் மறுபடி வாசியுங்கள். மிஞ்சி நிற்பவைதான் உண்மையான பிழைகள். மெர்சிடிஸின் சொந்தக் கண்டறி கருவியோ அதற்கு இணையான ஒன்றோ கைக்கு எட்டவில்லை என்றால் இந்தக் காரில் மேற்கொண்டு எந்த வேலையையும் தொடாதீர்கள்.

அடுத்தது ஏபிசி எனப்படும் ஹைட்ராலிக் சஸ்பென்ஷன். நேரமும் பணமும் அதிகம் கேட்பது இதுதான். எஞ்சின் சுழற்றும் பம்ப் ஒன்று ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் எண்ணெயை நான்கு சக்கரங்களிலும் காரைத் தாங்கும் ஸ்ட்ரட்டுகளுக்கும் அனுப்புகிறது. எண்ணெய் பென்டோசின் சிஎச்எஃப் 11எஸ், அல்லது மெர்சிடிஸின் எம்பி 344.0 தரம் குறித்த வேறொன்று. புதிதாக இருக்கும்போது பச்சை நிறம். பழுப்பாகிவிட்டால் உள்ளே தேய்மானத் துகள்கள் ஓடுகின்றன என்று பொருள். சிவப்பு நிற கியர் எண்ணெயை இதில் ஒருபோதும் ஊற்றக்கூடாது; சீல்கள் கெட்டுவிடும்.

6 முதல் 8 லிட்டர் புதிய எண்ணெயும் இரண்டு ஃபில்டர்களும் வாங்கி வையுங்கள். ஃபில்டரை மாற்றி, திரும்பி வரும் குழாயை ஒரு கேனுக்குள் விட்டு, கருவியின் வழியே காரை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் சுத்திகரிப்பை நடத்துங்கள். தொட்டியில் மட்டம் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பம்ப் காற்றை உறிஞ்சினால் சில நிமிடங்களில் கெட்டுவிடும். 500 கிலோமீட்டர் ஓடியபின் இரண்டாவது ஃபில்டரைப் போடுங்கள்.

நைட்ரஜன் நிரப்பிய கோள வடிவக் கலன்களுக்கும் ஆயுள் உண்டு. அவற்றின் சவ்வு கிழிந்தால் கார் சிறு மேட்டிலும் கல்லைப் போல இடிக்கும். அழுத்த அதிர்ச்சியைத் தாங்க ஆளில்லாததால் அடுத்து ஹோஸ் வெடிக்கும். சூடான எக்ஸாஸ்ட் மேல் அந்த எண்ணெய் தெறித்தால் தீப்பிடிக்கக்கூடும். ஆகவே கலன்களையும் துடிப்பைத் தணிக்கும் சிறு உருண்டையையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது. இரவில் நிறுத்திய கார் காலையில் ஒரு மூலையில் மட்டும் தாழ்ந்திருந்தால், பெரும்பாலும் வால்வ் கட்டையின் ஓ-ரிங்குகள் எனும் ரப்பர் வளையங்கள்தான் காரணம். முழு ஸ்ட்ரட்டையும் வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள். ஓட்டும்போது சிவப்பு எச்சரிக்கை வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வீடு வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தால் பம்பும் போய்விடும்.

இந்த அமைப்பையே கழற்றிவிட்டு, சாதாரண சுருள் ஸ்ப்ரிங் போடும் கிட்டுகள் விற்கப்படுகின்றன. அவற்றை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஏபிசி உள்ள எஸ்எல்லில் ஆன்டி-ரோல் பார் கிடையாது. வளைவில் சாய்வைத் தடுப்பது அந்த எண்ணெய் அழுத்தம்தான். அதை எடுத்துவிட்டால் ஏறத்தாழ 2 டன் எடையுள்ள கார் படகைப் போலச் சாயும். தாழ்வாக வேண்டுமென்றால் கருவி வழியே மட்டத்தை 15 முதல் 20 மில்லிமீட்டர் இறக்கி, சக்கரக் கோணங்களைச் சரிபாருங்கள். அதற்குக் கீழே போனால் பின் டயர்களின் உள் விளிம்பு வேகமாகத் தேயும்.

பிரேக் பற்றி ஓர் எச்சரிக்கை. எஸ்பிசி எனப்படும் மின்வழி பிரேக், கதவைத் திறந்தாலே விழித்துக்கொண்டு பிஸ்டன்களை முழு விசையோடு அழுத்தும். கருவி மூலம் அதைச் செயலிழக்கச் செய்யாமல் பேட் மாற்றப் போனால் விரல் நசுங்கும். அழுத்த அலகு தன் பயன்பாட்டைத் தானே எண்ணிக்கொண்டிருக்கிறது. வரம்பு தாண்டியதும் மாற்றச் சொல்லும். அந்த எண்ணிக்கையை மென்பொருளால் சுழியமாக்கித் தருபவர்கள் உண்டு. எண் குறையும், தேய்மானம் குறையாது. பிரேக்கில் அந்த வேலை வேண்டாம்.

கூரையில் செய்ய வேண்டியது சிறிது: கண்ணாடியின் அடியிலும் டிக்கி ஓரத்திலும் உள்ள வடிகால் துளைகளை மெல்லிய நைலான் கம்பியால் சுத்தம் செய்யுங்கள். அடைத்துக்கொண்டால் தண்ணீர் டிக்கியின் பள்ளத்தில் தேங்கி, அங்கிருக்கும் மின்னணுப் பெட்டிகளைக் கெடுக்கும். ஐந்து வேக கியர்பாக்ஸில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றும்போது 13 முனை மின் இணைப்பியின் ஓ-ரிங்கையும் மாற்றுங்கள். அது கசிந்தால் எண்ணெய் வயர் வழியே ஏறி, கட்டுப்பாட்டுப் பெட்டி வரை போய்விடும்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் திறன். அதிலும் முதல் வேலை குளிர்ச்சி. சூப்பர்சார்ஜர் அழுத்தும் காற்று சூடாகும். அதைத் தனியொரு பம்ப் சுற்றவிடும் கூலன்ட் குளிர்விக்கிறது. 20 வருடப் பம்ப் சத்தம் போட்டாலும் தண்ணீரைப் போதுமான அளவு தள்ளாது. காரின் கண்டறி இணைப்பான ஓபிடி வழியே, எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். சீரான வேகத்தில் வெளி வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரி கூடுதலாக இருந்தால் நலம். இரண்டு முறை முழு ஆக்சிலரேட்டர் அழுத்தியதுமே 60 டிகிரியைத் தாண்டி, பிறகு இறங்க மறுத்தால், எஞ்சின் ஏற்கெனவே தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளித் திறனைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. பலருக்குப் புதிய பம்பும், முன்பக்கம் இன்னும் பெரிய ஒரு வெப்பமாற்றியும் போட்டாலே காரின் இழந்த வேகம் திரும்பிவிடும். பம்புக்குத் தனி ரிலேயும் ஃப்யூஸும் கொடுங்கள். கூலன்ட்டை வெற்றிட முறையில் நிரப்புங்கள். காற்றுக் குமிழி சிக்கினால் பெரிய பம்பாலும் பயனில்லை.

புல்லி மாற்றுவதில் கணக்கு எளிது. தொழிற்சாலை அமைப்பில் சூப்பர்சார்ஜருக்குள் இருக்கும் திருகு வடிவ உருளைகள் நிமிடத்துக்கு 23,000 சுற்று வரை சுழல்கின்றன. புல்லி விகிதத்தை 6 சதவீதம் மாற்றினால் அது 24,400-ஐ நெருங்கும். தாங்கிகளும் மின்காந்தக் கிளட்சும் அதே பழையவை. ஆகவே ஒரு படிக்கு மேல் போக வேண்டாம். அதற்கு முன் 16 ஸ்பார்க் பிளக்குகளையும் வயர்களையும் மாற்றி, பெட்ரோல் பம்பின் அழுத்தத்தை முழுச் சுமையில் அளந்து கொள்ளுங்கள். டியூன் செய்பவர், திறனை அளக்கும் டைனோ மேடையில், எரிகலவையை அளக்கும் அகலப்பட்டை லாம்டா கருவி பொருத்தாமல் பொதுவான மென்பொருள் கோப்பை ஏற்றுவதாகச் சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள். கலவையில் பெட்ரோல் குறைந்து எஞ்சின் தட்டினால் உருகுவது பிஸ்டன். பெட்ரோல் 98 ஆக்டேன். 95-க்குக் குறைந்த பெட்ரோல் மட்டும் கிடைக்கும் ஊர்களில் புல்லியை நினைக்கவே வேண்டாம்.

உண்மையில் எங்கள் தேர்வு புல்லி அல்ல, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். 700 நியூட்டன் மீட்டர் திறந்த டிஃபரன்ஷியலில் போகும்போது ஒரு சக்கரம் வீணாகச் சுழல, சறுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்பி உடனே திறனை வெட்டும். நல்ல டிஃபரன்ஷியலும், அளவு மாறாத புதிய டயர்களும், அதாவது முன்னால் 255/40, பின்னால் 285/35, 18 அங்குலம், காரின் குணத்தையே மாற்றும்.

ஜெர்மனியில் பதிவான கார் என்றால், சான்றில்லாத பாகம் போட்டால் சாலையில் ஓடும் அனுமதியே ரத்தாகலாம். திறன் மாற்றத்தை டியூவி போன்ற ஆய்வு நிறுவனத்தில் காட்டிப் பதிய வேண்டும். 30 வயதில் கிடைக்கும் தொன்மைக்கார் எண்பலகைக்கு, காரின் அசல் நிலையும் அந்தக் காலத்துக்குப் பொருந்திய மாற்றங்களும்தான் ஏற்கப்படும். முதல் எஸ்எல்55-கள் அந்த வயதை எட்ட அதிக காலம் இல்லை. ஆகவே வெட்டவோ பற்றவைக்கவோ தேவைப்படும் எந்த மாற்றமும் வேண்டாம். கழற்றிய பழைய புல்லி, எக்ஸாஸ்ட், அசல் மென்பொருளின் நகல் ஆகியவற்றைத் தேதியும் கிலோமீட்டரும் எழுதி, எண்ணெய் தடவிய காகிதத்தில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள்.