முக்கால் எட்டு என்றால் ஏழே முக்கால்: ஜெர்மனிக்குக் கிளம்பும் நம் மலைப் பிள்ளைகளுக்கு

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கமிருந்து நர்சிங் முடித்து ஜெர்மனிக்குக் கிளம்பும் தங்கச்சிகளுக்கும் தம்பிகளுக்கும் இதை எழுதுகிறேன். ஒரு மாத லீவில் கோத்தகிரி வீட்டில் இருக்கிறேன். நாளுக்கு ஒருவராவது வந்து, "அக்கா, பி2 முடிக்க எத்தனை மாசம் ஆகும்?" என்று கேட்கிறார்கள். பி2 என்பது ஜெர்மன் மொழித் தேர்ச்சியில் ஒரு படி, பி1 அதற்கு முந்தின படி. நானும் அன்றைக்கு அதைத்தான் கேட்டேன். அந்தக் கேள்வியால் பட்டதைச் சொல்கிறேன்.

காகித வேலையை முதலில் முடித்துவிடலாம். நர்ஸ் அங்கீகாரத்துக்குப் பொதுவாக பி2 கேட்பார்கள். கோத்தே நிறுவனம் நடத்தும் ஜெர்மன் பரீட்சையில் படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி; ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். ஒன்றில் போனால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். அங்கே வீடு புகுந்த 2 வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். மற்றதெல்லாம் போகப் போகத் தெரிந்துவிடும்.

இனி முக்கியமானது. நான் போகும்போது கையில் பி2 இருந்தது. செல்போன் ஆப்பில் 212 நாள் விடாமல் படித்த கணக்கு இருந்தது. நோட்டில் 2,400 வார்த்தை. தினமும் இரவு அந்த எண்களைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

வேலை ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில். மூன்றாவது வாரம், ஒரு பாட்டியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு எனக்கு. நாளைக்கு "டிரைஃபிர்டல் ஆக்ட்"டுக்கு வண்டி வரும் என்றார் உடன் வேலை செய்பவர். டிரைஃபிர்டல் என்றால் முக்கால், ஆக்ட் என்றால் எட்டு. எட்டே முக்கால் என்று எழுதிக்கொண்டு, எட்டரைக்கே போய் நின்றேன். வண்டி வந்து காத்திருந்து போய்விட்டிருந்தது. பாட்டி வாசல் பக்கம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோட்டுக்குக் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தார், மடியில் கைப்பை, அதன் மேல் இரண்டு கையும். என்னைத் திட்டவில்லை. "இன்னும் வண்டி வரலையா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த தேதி கிடைக்க ஏழு வாரம் ஆனது.

அந்தப் பக்கத்தில் அது ஏழே முக்கால். எட்டை நோக்கிப் போகிற மணியில் முக்கால் பங்கு முடிந்துவிட்டது என்று கணக்கு. "ஹால்ப் ஆக்ட்" என்றால் எட்டரை இல்லை, ஏழரை. இது நாடு முழுக்க. நாம் முடிந்த மணியோடு கூட்டுகிறோம், அவர்கள் வரப்போகும் மணியிலிருந்து பார்க்கிறார்கள். ஏழரையை நான் வகுப்பில் படித்திருந்தேன். இந்த முக்காலை யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. என் குறியெல்லாம் சான்றிதழ் மேலேயே இருந்தது.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மழை நாளில் கூடை நன்றாகக் கனக்கும். ஆனால் நிறுவையில் ஈரத்துக்கென்று கிலோ கழித்துவிட்டுத்தான் செக்ரோல் என்ற கூலிக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவார்கள். சின்ன வயதில் நான் கோபப்பட்டபோது, "தண்ணிக்கு யாரு சம்பளம் தருவா?" என்றார். என் 2,400 வார்த்தையில் ஈரம் எவ்வளவு என்று நான் கழித்துப் பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம் கணக்கை மாற்றினேன். வாரத்துக்கு ஒரே ஒரு காரியம், அதுவும் செய்து காட்டக்கூடிய காரியம். போனில் பல் டாக்டரிடம் நேரம் வாங்குவது. ஷிப்ட் மாறும்போது ஒரு நோயாளியைப் பற்றித் தாளைப் பார்க்காமல் சொல்வது. நடந்ததா, இல்லையா, அவ்வளவுதான் எழுதுவேன். ஷிப்ட் மாறும் அரை மணி நேரத்தில் எத்தனை முறை "வீ பிட்டே?" என்று திரும்பச் சொல்லக் கேட்டேன் என்பதற்குச் சட்டைப்பைத் தாளில் கோடு போட்டேன். முதல் நாள் 14 கோடு. நாலு மாதம் கழித்து 3. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

எண்களைத் தனியாகப் பழகுங்கள். 82 என்பதை அவர்கள் "இரண்டும் எண்பதும்" என்றுதான் சொல்வார்கள். நாடித்துடிப்பைக் காதில் வாங்கியபடியே எழுதினால் 28 ஆகிவிடும். இரவு 20 எண் யாரையாவது சொல்லச் சொல்லி எழுதி, சரியானதை எண்ணிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அன்றைய வேலையை இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள், ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். பி1-க்கு மேலே தினம் தினம் பார்த்தால் நகராத மாதிரியே இருக்கும், மனசு விட்டுப்போகும். நவம்பரில் நாலரைக்கே இருட்டும் ஊரில், மஞ்சு மூடிய நம் ரோடு ஞாபகம் வரும்போது, போன மாதக் குரலைவிட இந்த மாதக் குரல் தேறியிருப்பதைக் கேட்டால்தான் எனக்குத் தெம்பு வந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் அடுத்த மாதம் கிளம்புகிறாள். தினமும் "ஹால்ப் ஸீபன்"னுக்கு வா, சேர்ந்து டீ குடிக்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஸீபன் என்றால் ஏழு. இரண்டு நாள் ஏழரைக்கு வந்தாள், டீ ஆறிப்போயிருந்தது. நேற்று ஆறரைக்குக் கதவைத் தட்டினாள், கையில் வர்க்கிப் பொட்டலத்தோடு.