முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் சி.டி.ஆர்.ஐ. பதிவு

எம்.டி., நர்சிங், பிசியோதெரபி, சித்தா என எதில் முதுகலை படித்தாலும் சரி, ஆய்வேட்டுக்காக நோயாளிகளுக்கு ஒரு மருந்தோ பயிற்சியோ கொடுத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. எனும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். 2018 ஏப்ரல் 1 முதல் அங்கே முன்கூட்டிய பதிவு மட்டும்தான். ஆய்வைத் தொடங்கிவிட்டுப் போனால் ஏற்க மாட்டார்கள். பதிவு எண் இல்லாத கட்டுரையை நல்ல மருத்துவ இதழ்கள் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். அத்தனை உழைப்பும் அப்படி முடங்குவதைப் பார்க்க மனசு கேட்காது.

கட்டணம் கிடையாது. முதலில் கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தை வாங்குங்கள். படிவத்தில் முதன்மை விளைவு, அதாவது ஆய்வில் முக்கியமாக அளக்கப்போகும் மாற்றம், பற்றிய பகுதியில்தான் கவனம் வேண்டும். ‘வலி குறைதல்’ என்று மொட்டையாக எழுதினால் போதாது. எந்த அளவுகோலால், எத்தனையாவது வாரத்தில் அளப்பீர்கள் என்றும் எழுதுங்கள். சரிபார்ப்பவர்கள் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், அதற்குச் சில வாரங்கள் ஒதுக்கி வையுங்கள். அப்புறம், நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கும் தேதி, பதிவு கிடைக்கும் நாளுக்குப் பிறகு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.